எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் பார்சல் எழுத்தராகக் காலங்கழித்து வருகிறோம். மூட்டையை நிறுத்து, சீட்டு எழுதி, முத்திரை குத்துவதே எமது தொழில். அத்தகைய எம்மை ஆண்டுதோறும் இம்மேடையில் ஏற்றிப் பேச வைப்பது சங்கத்தாரின் பெருந்தன்மை. இவ்வாண்டு 'வல்வில் ஓரி' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நாமும் இசைந்தோம். ஆனால் அதற்கென நூல்களைப் புரட்டிக் கொண்டிருந்த காலத்தில் எம் குடும்பத்தில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அதன்பின் ஓரியின் வில்லைப் பற்றி எண்ணுந்தோறும் அவன் அம்பின் முனையே எம் கண்முன் நின்றது. ஆகவே, இன்று வில்லைவிட அம்பைப் பற்றியும், அம்பினும் அதன் முனையைப் பற்றியுமே மிகுதியாகப் பேச நேரும். பொறுத்தருள்க.

எம் பாட்டனார் ஏலகிரி மலையடிவாரத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். கலப்பைக் கொழுவும், அரிவாளும், வண்டிப் பட்டையும் அடித்துப் பிழைத்தவர். அந்நாளில் மலைப் பக்கத்தினின்று வருவோர் சிலர் அம்பு முனையும் அடித்துத் தரக் கேட்பதுண்டாம். அவர் கைப்பட அடித்த முனைகள் இரண்டு இன்றும் எம் வீட்டுப் பித்தளைச் செம்பொன்றில் கிடக்கின்றன. ஒன்று வேப்பிலை போல் ஒடுங்கியது. மற்றொன்று அரசிலை போல் அகன்றது. சிறுவனாய் இருந்த காலத்தில் 'ஏன் தாத்தா இரண்டு வகை?' என்று கேட்டோம். அவர் கூறிய விடை வருமாறு: 'ஒடுங்கியது உள்ளே போகும்; அகன்றது உதிரம் கொண்டுவரும். இரண்டும் வேண்டும் என்பவனுக்குத் தோளில் வலிவு வேண்டும்.' இந்த மூன்று வாக்கியங்களில் மூன்றாவதை நாம் மறந்துவிட்டோம். அதனால் விளைந்த தீங்கைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அம்பின் முனையைத் தேர்வது நேற்றுத் தோன்றிய கலை அன்று. நம் பெங்களூருக்கு வடபால் உள்ள ஜாலஹள்ளியில் பளிங்குக் கல்லாற் செய்த நுண்கருவிகள் கிடைத்துள்ளன. நகத்தினும் சற்றே பெரிய அத்துண்டுகளுள் சில அம்பு நுனியில் பதித்தற்கென்றே பிறை வடிவாய்ச் செதுக்கப்பட்டவை என்பர் தொல்லியலார். திருநெல்வேலிக் கரையோரத் தேரிகளிலும் இத்தகைய கற்கருவிகள் உண்டு. அதன்பின் இரும்பு வந்தது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்களுள் வாளும் வேலும் போலவே அம்பு முனைகளும் இருந்தன. கன்னட நாட்டிலும் பிரம்மகிரியில் 1947-ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழாய்வில் பெருங்கற்காலத்து இரும்புக் கருவிகள் வெளிப்பட்டன. ஆகவே தமிழகத்தானும் கருநாடகத்தானும் மொழியால் வேறுபட்டாலும், உலைக்களத்தில் நெடுங்காலமாகவே ஒரு தொழில் பயின்றவர்கள் என்பது தெளிவு.

நம் மொழியும் இதற்குச் சான்று பகரும். அம்பு, கணை, பகழி, வாளி, கோல், சரம் என எத்தனை பெயர்கள்! நாணில் பொருந்தும் பிளவுக்குக் குதை என்று பெயர். அம்புகளை இட்டுவைக்கும் கூட்டிற்குத் தூணி, புட்டில் என்று பெயர். மானுக்கும் அவ்வாறே. ஆண் கலை எனப்படும், பெண் பிணை எனப்படும், குட்டி மறி எனப்படும். புள்ளிமானும், கடமானும், இரலையும் வெவ்வேறு என்று பிரித்தறிந்தவர்கள் நம் முன்னோர். பார்த்துப் பழகாதவனுக்கு இத்துணைச் சொற்கள் வேண்டியதில்லை.

வடமொழியில் தனுர்வேதம் என்றொரு நூல் வகை உண்டு. அதில் அம்பு முனைகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. தோல் தைக்கும் ஊசி போன்றது, சவரக் கத்தி போன்றது, பசுவின் வால் போன்றது, பிறை போன்றது, கன்றின் பல் போன்றது, காக்கையின் அலகு போன்றது என்று பட்டியல் நீளும். கவசத்தைத் துளைக்க ஒன்று, எதிரியின் வில்லை அறுக்க ஒன்று என, ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. எல்லா வேலைக்கும் ஒரே முனை போதும் என்று எந்த ஆசானும் சொன்னதில்லை. மற்றொன்றும் கருதத் தக்கது. மனு நூல் போர் முறை பற்றிக் கூறும் இடத்தில், கொக்கி வைத்த அம்பையும் நஞ்சு தோய்த்த அம்பையும் அறவோன் எய்யலாகாது என்று விலக்குகின்றது. உள்ளே சென்றது வெளியே வராமல் சதையைப் பற்றிக்கொண்டு வதைக்கும் ஆதலின் அவ்விலக்கு. பகைவன் மீதும் எய்யலாகாத அம்பு ஒன்று உண்டு என்பதை நினைவில் கொள்க.

இனி ஓரிக்கு வருவோம். கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி எய்த ஒரே கணை யானையையும், புலியையும், மானையும், பன்றியையும் ஊடுருவிச் சென்று, இறுதியில் உடும்பின் மேல் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடினார். இன்றும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசு சார்பில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். புலவர் கூற்றை மிகை என்று தள்ளிவிட வேண்டா. அவர் புகழ்ந்தது எதனை? புண்ணின் அகலத்தை அன்று, அம்பின் ஊடுருவலையே புகழ்ந்தார். அம்பு உடலுள் தங்கிவிடாமல் கடந்து செல்வதே வல்வில்லுக்கு அடையாளம் என்று அக்காலத்திலேயே அறிந்திருந்தனர். எம் பாட்டனார் புறநானூறு படித்தவர் அல்லர். எனினும் அவர் சொன்னதும் இதுவே.

நிற்க. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. நம் நாட்டில் மானை வேட்டையாடுவது குற்றம். நீலகிரியில் 1879-ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளைக் காக்கச் சட்டம் பிறந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமச் சீட்டு என்னும் வாயிலையும் அடைத்துவிட்டது. வில்லாலோ, துப்பாக்கியாலோ, கண்ணியாலோ, எதனால் கொன்றாலும் சிறை உண்டு. பந்திப்பூர் பக்கம் உல்லாசப் பயணம் செல்லும் இளைஞர்கள் இதனை மனத்தில் இருத்துக. எம் பாட்டனாரின் முனைகள் செம்பிலேயே கிடப்பது நன்று.

ஆனால் அமெரிக்க நாட்டின் நிலை வேறு. அங்கே வெண்வால் மான் என்றோர் இனம் உண்டு. அளவுகடந்த வேட்டையால் 1900-ஆம் ஆண்டு வாக்கில் நாடு முழுவதும் ஏறத்தாழ 5 இலட்சமாகக் குறைந்து போயிற்று. பின்னர்ச் சட்டம் போட்டுக் காத்தனர். அவற்றைத் தின்னும் ஓநாயும் மலைச் சிங்கமும் பல பகுதிகளில் முன்னமே அழிந்துவிட்டமையால், இன்று ஏறத்தாழ 3 கோடி மான்கள் பெருகியுள்ளன என்பர். பயிரும் இளமரமும் அழிகின்றன. சாலையில் மான் குறுக்கிட்டு மோதும் விபத்துகள் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே பருவம் குறித்து, எண்ணிக்கை குறித்து, உரிமச் சீட்டு வழங்கி வேட்டைக்கு அனுமதிக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனிப் பருவம் வகுத்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. நம் நாடு வேட்டையைத் தடுத்த அதே 1972-ஆம் ஆண்டில், அந்நாடு வில்லுக்கும் அம்புக்கும் வரி விதித்து, அத்தொகையை வனவிலங்குக் காப்புக்கே செலவிட வழிவகுத்தது. ஒரே ஆண்டில் இரு நாடுகள், இரு வழிகள்! இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. எது சிறந்தது என்று தீர்ப்புரைக்க நாம் வரவில்லை.

எம் தமக்கையாரின் மகன் அந்நாட்டில் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றுகிறான். இதே ஜோகுபாளையத்துச் சந்தில் கோலி விளையாடி வளர்ந்த பிள்ளை. உடன் பணிபுரிவோர் அழைத்தமையால் வில் பயின்றான். தேர்வெழுதி உரிமச் சீட்டும் பெற்றான். எம் தமக்கையாருக்கு இது பிடிக்கவில்லை. 'மானைப் போய்க் கொல்வதா!' என்று கலங்கினார். பையனோ, 'அம்மா, ஞாயிற்றுக்கிழமைதோறும் கசாப்புக் கடையில் வரிசையில் நின்று ஆட்டிறைச்சி வாங்குகிறோமே, அந்த ஆட்டுக்குத் தாய் இல்லையா? நான் தின்பதை நானே கொன்று தின்கிறேன்' என்றான். இந்த வாதத்துக்கு எம்மிடத்தும் விடையில்லை. வள்ளுவர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவற்றைக் கடைப்பிடிப்போர் பேசலாம். நாம் பேச இயலாது.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவன் தொலைபேசியில் எம்மை அழைத்து, 'மாமா, உங்கள் தாத்தா அம்பு முனை அடித்தவர் ஆயிற்றே, எந்த முனை வாங்கலாம் என்று ஒரு யோசனை சொல்லுங்கள்' என்று கேட்டான். எமக்குப் பெருமை பிடிபடவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பையன் எம்மைக் கேட்கிறான் அல்லவா!

அங்கே கடையில் கிடைப்பவை இரண்டு வகை. தகடுகள் அசையாமல் பொருத்தப்பட்ட நிலைமுனை ஒன்று. பறக்கும்போது தகடுகள் மடங்கியிருந்து, இலக்கில் பட்டவுடன் விரிவது மற்றொன்று. இதனை 'மெக்கானிக்கல் பிராட்ஹெட்' என்கிறார்கள். நாம் விரிமுனை என்போம். நிலைமுனையின் வெட்டு அகலம் பெரும்பாலும் ஓர் அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம். விரிமுனையோ ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம், அதற்கு மேலும் விரியும். பன்னாட்டுப் படங்களை அவன் எமக்கு அனுப்பினான். இரண்டு அங்குலத்துக்கு விரிந்து நின்ற முனையைக் கண்டதும் எம் பாட்டனாரின் அரசிலை நினைவுக்கு வந்தது. 'அகன்றதே உதிரம் கொண்டுவரும். அதையே வாங்கு' என்று ஓங்கிச் சொன்னோம். அவனும் வாங்கினான்.

அக்டோபர் மாதம் வேட்டைப் பருவம் தொடங்கியது. ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு எமது அலுவலகத்தில் மூட்டைகள் குவிந்து கிடக்கையில் தொலைபேசி மணி அடித்தது. அங்கே அப்போது நள்ளிரவு. மாலை மங்கிய வேளையில் ஒரு கலைமான் வந்ததாம். முப்பத்தைந்து கஜத் தொலைவில், தன்னை நோக்கிச் சாய்வாக நின்றதாம். அவன் எய்தான். அம்பு தோள் எலும்பில் பட்டது. நான்கு விரற்கடை மட்டுமே உள்ளே சென்றது. மான் அம்போடு ஓடிற்று. அவனும் நண்பனும் விளக்கேந்தி, மோப்ப நாய் ஒன்றையும் வரவழைத்து, உதிரத் துளிகளைத் தொடர்ந்து சென்றனர். துளிகள் அருகின, பின்னர் அற்றன. முறிந்த அம்பு மட்டும் கிடைத்தது. அதில் ஒரு தகடு வளைந்திருந்தது. மான் கிடைக்கவில்லை. 'மாமா, அது எங்கேயோ உயிரோடு துடித்துக் கொண்டிருக்கிறது' என்றான். அதன்மேல் அவனால் பேச முடியவில்லை. எம்மாலும் முடியவில்லை.

அன்றிரவு முதல் நாம் இப்பொருளைக் கற்கத் தொடங்கினோம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. கற்றதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். அயல்நாடுகளில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இச்சபையில் பல உண்டு. அவர்களுக்குப் பயன்படக் கூடும்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு அவ்வாறு கொல்வதில்லை. குருதி நாளங்களை அறுத்து, உதிரம் வடியச் செய்தே கொல்லுகிறது. நுரையீரலிலோ இதயத்திலோ கூரிய அலகு கடந்து சென்றால், மான் சில நொடிகளில் உணர்விழந்து வீழும். ஆகவே முனைக்கு வேண்டியவை இரண்டு: ஒன்று கூர்மை, மற்றொன்று கடந்து செல்லும் ஆற்றல். அகலம் இவ்விரண்டுக்கும் பின்னரே.

நிலைமுனையின் தகடுகள் பறக்கும்போதே காற்றைப் பிடிக்கும். வில்லில் சிறு கோணல் இருந்தாலும் அம்பு விலகிச் செல்லும். விரிமுனை மடங்கிப் பறப்பதால் பயிற்சி அம்பைப் போலவே நேராகச் செல்லும். இது அதன் சிறப்பு. ஆனால் பட்டவுடன் தகடுகளைத் திறப்பதற்கே அம்பின் வேகத்தில் ஒரு பங்கு செலவாகிறது. அகலமான தகடு சதையை அறுத்துச் செல்ல மேலும் செலவாகிறது. சாய்வாகப் பட்டால் சறுக்குவதும் உண்டு. எலும்பில் பட்டால் நீண்ட மெல்லிய தகடு வளைவதும் முறிவதும் உண்டு. இவை அதன் குறைகள்.

எழுத்தருக்குக் கணக்கு இல்லாமல் அமைதி வருமா? அம்பின் எடையைக் கிரெயின் அளவில் கொண்டு, வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்று கொண்டு, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் அம்பின் ஆற்றல் அடி-பவுண்டுக் கணக்கில் கிடைக்கும். நண்பனுடைய வில் 65 பவுண்டு வலிவுள்ளது. 400 கிரெயின் அம்பு, நொடிக்கு 270 அடி வேகம். வகுத்தால் ஏறத்தாழ 65 வருகிறது. எம் மருமகனுடையது 45 பவுண்டு வில். 350 கிரெயின் அம்பு, நொடிக்கு 220 அடி வேகம். வகுத்தால் 37-க்குச் சற்று மேல்தான். மான் வேட்டைக்கு 25 முதல் 41 வரை போதும் என்று அம்புத் தொழிலார் கூறுவர். ஆயினும் இரண்டு அங்குலம் விரியும் முனையைச் சுமந்து செல்ல மிச்சம் வேண்டாமா? இரண்டு எஞ்சின் இழுக்க வேண்டிய சரக்கு வண்டியை ஓர் எஞ்சினிடம் ஒப்படைத்துவிட்டு, ஏற்றத்தில் நின்றுவிட்டது என்று குறை சொல்வதுபோல் ஆயிற்று. 'தோளில் வலிவு வேண்டும்' என்ற பாட்டனார் சொல் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

இதனைக் கண்டறிந்ததும் நாம் விரிமுனையைப் பழிக்கத் தலைப்பட்டோம். 'பொறியை நம்பியதால் வந்த கேடு' என்று வீட்டில் உரக்கப் பேசினோம். பின்னர் மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்னும் கடற்படைத் தளத்தில் பல ஆண்டுகளாக எழுதி வைத்த கணக்கைப் பற்றி அறிந்தோம். அங்கே நிலைமுனையால் அடிபட்ட மான்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 கிடைத்தன. விரிமுனையால் அடிபட்டவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 91 கிடைத்தன. எமது பேச்சுக்கு இது நேர்மாறு! தக்க வில்லும் தக்க பயிற்சியும் உடையவர் கையில் விரிமுனை தாழ்ந்ததன்று என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே கணக்கின் மறுபுறத்தையும் பாருங்கள். பயிற்சித் தேர்வில் தேறியவர்களையே அனுமதித்த அத்தளத்திலும், சிறந்த முனையாலும், நூற்றுக்கு ஒன்பது மான் கிடைக்கவில்லை. அந்த ஒன்பதை எந்தக் கடையிலும் விற்கும் எந்த முனையாலும் முழுதும் துடைத்துவிட இயலாது.

ஆகவே, மருமகனுக்கு நாம் பின்னர் எழுதிய மடலின் சாரம் இது.

முதலாவது, உன் வில்லின் வலிவை அறிந்து முனையைத் தேர்ந்துகொள். 50 பவுண்டுக்குக் குறைந்த வில்லுக்கு, நுனியிலிருந்தே வெட்டத் தொடங்கும் ஒடுங்கிய இரட்டை அலகு நிலைமுனையே தக்கது. மிகுந்த வலிவுள்ளவன் விரிமுனையைக் கருதலாம். அப்போதும் ஒன்றரை அங்குலத்தோடு நிற்பது நன்று. பல மாநிலங்களின் சட்டம் கேட்பது எட்டில் ஏழு பங்கு அங்குலம்தான்.

இரண்டாவது, முனையின் எடை பெரும்பாலும் 100 கிரெயின் அல்லது 125 கிரெயின். எதில் பயில்கிறாயோ அதே எடையில் வேட்டை முனையும் இருக்கட்டும். அம்பு சற்றுக் கனமாயிருப்பது கடந்து செல்ல உதவும்.

மூன்றாவது, விரிமுனையில் தகடுகளை மடக்கிப் பிடிப்பது ஒரு சிறு வளையம். அது தளர்ந்தால் பறக்கும்போதே தகடு விரியும். இறுகினால் பட்டபின்னும் விரியாது. தகடுகள் நுனிப்பக்கமிருந்து மறிந்து திறப்பன ஒரு வகை. பின்னோக்கி நழுவித் திறப்பன மற்றொரு வகை. எவ்வகையாயினும் தூணியில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் கையால் சோதித்துப் பார். ஒருமுறை எய்த தகட்டைத் தீட்டாமலும் மாற்றாமலும் மறுமுறை எய்யாதே. உருவினால் மடங்காமல் கொக்கியாய் நிற்கும் முனையைச் சில மாநிலங்கள் விலக்கியுள்ளன. மனு நூல் சொன்னதை நினைத்துக்கொள்.

நான்காவது, பருவம் தொடங்குமுன் வேட்டை முனையைக் கொண்டே இலக்கில் எய்து பார். நிலைமுனை உன் வில்லின் கோணலை உடனே காட்டிக் கொடுக்கும். விரிமுனை அதனை மறைத்துவிடும். காட்டிக் கொடுப்பவனே நல்ல நண்பன்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முதன்மையானது. மான் பக்கவாட்டில் நின்றால் எய். அல்லது உனக்கு அப்பால் நோக்கிச் சாய்ந்து நின்றால் எய். உன்னை நோக்கி நின்றால் எய்யாதே. இருபது, இருபத்தைந்து கஜத்துக்கு அப்பால் எய்யாதே. மங்கிய ஒளியில் எய்யாதே. லைன் கிளியர் கிடைக்காமல் எந்த ஓட்டுநரும் வண்டியை நிலையத்தை விட்டு எடுக்கமாட்டான். முன்னே பாதை தெளிவாயிருக்கக் கூடும். ஆயினும் எடுக்கமாட்டான். உன் விரலை விட்டுப் புறப்படும் அம்புக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

ஆறாவது, எய்தபின் உடனே பின்தொடர்ந்து ஓடாதே. அரைமணி நேரமாவது காத்திரு. அம்பைப் பார். இளஞ்சிவப்பாய் நுரைத்த உதிரம் என்றால் நுரையீரலில் பட்டது. கருஞ்சிவப்பு என்றால் ஈரலில் பட்டது. பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டது. பின்னிரண்டுக்கும் பல மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். விரட்டினால் அது வேதனையோடு வெகுதூரம் ஓடும். பின்பு தேடு. கிடைக்கும் வரையில் தேடு.

பெரியோர்களே! நம் இதிகாசங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மானென்று எண்ணி எய்த அம்பால் பாண்டு மன்னன் சாபம் பெற்றான். பாரதத்தின் துன்பங்களுக்கு அதுவும் ஒரு வித்து. மானின் பின்னே இராமன் சென்றான். சீதையைப் பிரிந்தான். கண்ணன் திருவடியை மானென்று மயங்கி வேடன் எய்த அம்பே அவன் அவதாரத்தை முடித்தது. மூன்று இடத்தும் அம்பு குறி தவறவில்லை. எய்தவன் கருத்தே தவறியது. வள்ளுவரோ முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை ஏந்துவது இனிது என்றார். அது வீரனுக்குச் சொன்னது. வேட்டைக்காரன் அதில் வேறொரு பொருளும் கொள்ளலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. முற்றும் தவறிய அம்பு ஒரு பேறு. பாதி பட்ட அம்பே பாவம்.

நம் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு என்றொரு கல் உண்டு. மண்டியா மாவட்டத்தில் கிடைத்தது. கி.பி. 949-ஆம் ஆண்டை ஒட்டியது. காளி என்ற வேட்டை நாய் காட்டுப் பன்றியோடு பொருதது. நாயும் மாண்டது, பன்றியும் மாண்டது. அதற்காகக் கல் நாட்டி, அச்செய்தியையும் அதில் பொறித்து வைத்தார்கள். வேட்டையாடிய அம்மக்களுக்கும், மாண்ட உயிரை எண்ணி ஒரு கல்லையேனும் நாட்டும் உள்ளம் இருந்தது. கிடைக்காமற்போன அந்த மானுக்கு யார் கல் நாட்டினார்?

'எய்தவன் இருக்க அம்பை நோவதேன்' என்பது நம் பழமொழி. மருமகன் முதலில் முனையை நொந்தான். பின்னர்த் தன்னை நொந்தான். ஆனால் எய்தவனுக்கும் பின்னே ஒருவன் நின்றான். கணக்குப் பார்க்காமல், வில்லின் வலிவைக் கேட்காமல், பாட்டன் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு யோசனை சொன்னவன் அவன். எம் தமக்கையார் இச்சபையில் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஓராண்டாக மகனைக் கடிந்து வருகிறார். அந்த அகன்ற முனையை வாங்கச் சொன்னது நாமே என்பதை அவர் இதுகாறும் அறியார். அவன் எம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை. அக்கா, அவனை இனிக் கடிய வேண்டா. கடிவதானால் உம் தம்பியைக் கடிந்துகொள்ளும்.

அவன் இவ்வாண்டு காட்டுக்குச் செல்லவில்லை. வாரந்தோறும் இலக்கில் மட்டுமே பயில்கிறான். அடுத்த ஆண்டு செல்வதா வேண்டாவா என்பது அவன் முடிவு. சென்றால் ஒடுங்கிய முனையோடும், நெடிய பொறுமையோடும் செல்வான் என்று நம்புகிறோம். செல்லாவிடினும் எமக்கு வருத்தமில்லை.

இளைஞர்களே! வில்லின் மேல் ஆசை வந்தால் அதற்கு நம் நாட்டிலும் இடம் உண்டு. 2024-ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த மாற்றுத் திறனாளர் ஒலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் வில்வித்தையில் தங்கம் வென்றார். பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத சீதல் தேவி என்னும் இளம்பெண், காலால் வில்லைப் பற்றி எய்து, இணையரோடு வெண்கலம் வென்றார். அவர்கள் அம்புகளுக்கு இலக்கு வட்டமிட்ட பலகையே. அந்த அம்பால் எவ்வுயிரும் இரவில் துடிப்பதில்லை.